காரைக்குடி வெயிலில் ட்ரோன் பேட்டரி: மினி 3 சார்ஜிங் ஹப்பும் ஒரு லைப்போ பையும்

டிஜேஐ மினி 3 வரிசை ட்ரோன்களுக்கான டூ-வே சார்ஜிங் ஹப்பை (மூன்று பேட்டரியைச் செருகி ஏற்றும், அவற்றிலிருந்து போனுக்கும் சார்ஜ் கொடுக்கும் பெட்டி) தனியாக வாங்கலாமா, பேட்டரி போட்டு வைக்க லைப்போ பை என்று ஒரு தீத்தடுப்புப் பை விற்கிறார்களே அது தேவையா என்று நம் பக்கம் படம் எடுக்கும் தம்பிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஹப் வாங்கலாம். பை விஷயத்தை அப்புறம் சொல்கிறேன். ஆனால் ஹப்பை வாங்கச் சொல்வது கடைக்காரர் சொல்லும் காரணத்துக்காக இல்லை. மூன்று பேட்டரியைச் செருகிவிட்டுத் தூங்கப் போகலாம், காலையில் மூன்றும் நிரம்பியிருக்கும் என்பதைத்தான் எல்லாரும் பெருமையாகச் சொல்கிறார்கள், எனக்கோ செட்டிநாட்டு வெயிலில் செய்யக்கூடாத முதல் வேலையே அதுதான் என்று படுகிறது. நிரம்பிய பேட்டரியை ட்ரோன் பறக்கவிடாமலே பாதிக்கு இறக்கலாம் பாருங்கள், அந்த ஒரு வசதிக்குத்தான் நான் இதற்குக் காசு கொடுப்பேன்.

பேட்டரிக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். 2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடை செய்தது. ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்குத்தான் விலக்கு. உதிரி பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும், ட்ரோனே முறையாக வராத ஊரில் அதன் பேட்டரி மட்டும் அடுத்த தெருக் கடையில் நியாய விலைக்குக் கிடைக்குமா என்ன. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து திருச்சி வழியாக வரும் சொந்தக்காரர்களிடம் சொல்லி வாங்கி வரச் சொல்வதுதான் இங்கே பலர் செய்வது. அப்படிச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: உதிரி லித்தியம் பேட்டரியைச் சரக்காகப் போடும் பெரிய பெட்டியில் வைக்கக்கூடாது, கையில் கொண்டுவரும் பையில்தான் வரவேண்டும், முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக இருக்கவேண்டும். மினி 3 பேட்டரி 18.1 வாட்-அவர்தான் (உள்ளே அடங்கும் மின்னாற்றலின் அளவு), 100 வாட்-அவர் வரம்புக்கு மிகவும் கீழே, அதனால் விமானத்தில் தகராறு வராது. பாவம், அந்த அண்ணனோ மாமாவோ தைலப் புட்டிக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே இதையும் தூக்கிக்கொண்டு வருவார். அவ்வளவு பாடுபட்டு வந்த பேட்டரியை நான்கு கோடைக்குள் கொன்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

நம் தொழிலின் காலண்டரே பேட்டரிக்கு எதிரானது. தையில் பழநிப் பாதயாத்திரை, சிராவயல் மஞ்சுவிரட்டு, பிறகு வரிசையாக முகூர்த்தங்கள், மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா. இந்த மாதங்களில் எந்தப் பேட்டரியும் சும்மா கிடக்காது, கிடக்காததால் கெடவும் கெடாது. சித்திரை வைகாசியில்தான் சிக்கல், முகூர்த்தமும் உண்டு, கத்திரியும் உண்டு. ஆடி வந்தால் கல்யாணம் இல்லை. மார்கழியிலும் அப்படியே. பேட்டரி அதிகம் பாழாவது பறக்கும் நாட்களில் என்று நினைக்கிறோம், உண்மையில் இந்த ஓய்வு மாதங்களில் அலமாரிக்குள் நிரம்பிய நிலையில் வெந்துகொண்டிருக்கும்போதுதான் பாதி ஆயுள் போகிறது. அதைவிட மோசம் தள்ளிப்போகும் வேலை. நாளைக்கு ஷூட்டிங் என்று மூன்றையும் முழுக்க ஏற்றி வைத்திருப்போம், சாயங்காலம் போன் வரும், பெண் வீட்டில் ஒரு பெரிய காரியம், தேதி மாற்றியாகிவிட்டது என்று. பேட்டரியை யார் அப்போது நினைக்கிறார்கள்.

லித்தியம் அயனி செல் முழுக்க நிரம்பியிருக்கும்போது அதன் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும், அந்த நிலையில் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் மின்முனைகளோடு மெதுவாக வினைபுரிந்துகொண்டே இருக்கும். வெப்பம் ஏற ஏற அந்த வினை வேகம் பிடிக்கும். கொள்ளளவு குறைவதும் இதனால்தான், வாயு சேர்ந்து பேட்டரி உப்பிப் போவதும் இதனால்தான். பேட்டரி யுனிவர்சிட்டி என்ற இணையதளம் தரும் கணக்கு ஒன்று பலருக்குத் தெரிந்திருக்கும்: 25 டிகிரியில் ஒரு வருடம் சும்மா வைத்தால், 40 சதவீத சார்ஜில் இருந்த செல்லுக்கு 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும், முழு சார்ஜில் இருந்ததற்கு 80தான். 40 டிகிரியில் வைத்தால் முன்னதற்கு 85, பின்னதற்கு 65. அந்த 40 டிகிரி என்ற எண்ணைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும், ஏனென்றால் அது அவர்களுக்கு ஆய்வுக்கூட வெப்பநிலை, நமக்கு மே மாதத்து மத்தியானம். இந்த ஊரிலேயே 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்குகிறது, அழகப்பச் செட்டியார் இடமும் பணமும் கொடுத்து வந்த செக்ரிதான், அங்கே லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியே நடக்கிறது. அதன் மதிலை ஒட்டியே போய்வருகிறோம், அலமாரியில் என்ன நடக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை.

டிஜேஐ பேட்டரி தானே இறங்கிக்கொள்ளுமே என்பார்கள். இறங்கும். மினி 3 பேட்டரி நிரம்பியபின் 3 நாள் சும்மா இருந்தால் சுமார் 96 சதவீதத்துக்கு வரும், 9 நாள் சும்மா இருந்தால் சுமார் 60க்கு வரும், இறங்கும்போது லேசாகச் சூடாக இருந்தால் அது கோளாறு இல்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள், கத்திரியில் ஒரு வாரத்துக்கு மேல் அது ஏறக்குறைய நிரம்பித்தானே இருக்கிறது. ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முன்னால் ஏற்றி, ஒன்றைப் பயன்படுத்தாமல் திரும்பக் கொண்டுவந்து, அடுத்த வாரம் மறுபடி மேலே தள்ளினால் அந்த ஒன்று கோடை முழுக்க உச்சத்திலேயே வாழும். மூன்று பேட்டரி வைத்திருப்பவர்களிடம் எப்போதும் ஒன்று இப்படி மாட்டிக்கொள்ளும், பெரும்பாலும் மூன்றாவது ஓட்டையில் இருப்பது.

ஏன் என்றால் ஹப்பின் குணம் அப்படி. மூன்றையும் ஒரே நேரத்தில் ஏற்றாது, ஒன்று முடிந்து ஒன்று என்றுதான் ஏற்றும், அதிலும் எதில் சார்ஜ் அதிகம் இருக்கிறதோ அதை முதலில் நிரப்பும். டிஜேஐயின் 30 வாட் சார்ஜரோடு ஒரு பேட்டரிக்குச் சுமார் 56 நிமிடம். களத்தில் இது சரியான யோசனை, அவசரத்துக்கு ஒன்றாவது சீக்கிரம் கைக்கு வந்துவிடும். இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். ஹப்பில் யுஎஸ்பி போர்ட் ஒன்று இருக்கிறது, அதில் போனையோ ரிமோட்டையோ செருகினால் இதுவே பவர் பேங்க் ஆகிவிடும். அப்போது எந்தப் பேட்டரியிலிருந்து முதலில் எடுக்கும்? சார்ஜ் குறைவாக இருப்பதிலிருந்து. அதாவது ஏற்றும்போது இருப்பவனுக்கே மேலும் கொடுக்கும், எடுக்கும்போது இல்லாதவனிடமே மேலும் பிடுங்கும், ஏறக்குறைய வட்டிக்கடைக் கணக்கு. பறக்கிற நாளுக்கு இது பொருந்தும். வீட்டில் ஓய்வாக வைக்கும்போது நமக்கு வேண்டியது நேர்மாறு, எல்லாம் நடுவில் நிற்கவேண்டும், ஒன்று உச்சியிலும் ஒன்று பாதாளத்திலும் இருக்கக் கூடாது.

வழி எளிது. ஏற்ற வேண்டுமோ இறக்க வேண்டுமோ, வீட்டில் ஹப்பில் ஒரு நேரத்தில் ஒரு பேட்டரியை மட்டும் செருகுங்கள். மற்ற இரண்டையும் வெளியே எடுத்துவிட்டால் அதற்கு முன்னுரிமை பார்க்க ஆள் இல்லை. தேதி தள்ளிப்போன அன்று ராத்திரி நிரம்பிய பேட்டரி ஒன்றைச் செருகி, பட்டனை அழுத்தி, போனை மாட்டிவிடுங்கள். 18.1 வாட்-அவரில் 40 சதவீதம் என்பது 7 வாட்-அவர் சொச்சம். ஹப் 5 வோல்ட் 2 ஆம்பியர் வரை வெளியே விடும், முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இழப்பெல்லாம் போக 5000 எம்ஏஎச் போன் ஒன்றுக்கு மூன்றில் ஒரு பங்குகூட ஏறாது, ஆகவே பேட்டரிக்கு ஒரு போன் என்று வீட்டில் இருக்கிற போன்களை வரிசையில் நிற்க வைத்தால் மூன்றும் முடிந்துவிடும். வெட்டியாக ட்ரோனை மொட்டை மாடியில் மிதக்கவிட்டு இறக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், மோட்டாருக்கும் கேடு, பக்கத்து வீட்டுப் புறாவுக்கும் கேடு.

இன்னொன்று, இந்தப் பேட்டரிகளில் விளக்கும் கிடையாது பட்டனும் கிடையாது. மேவிக், ஏர் வரிசைப் பேட்டரிபோலக் கையில் எடுத்து அழுத்திப் பார்க்க முடியாது. ஒன்று ட்ரோனில் போடவேண்டும், அல்லது ஹப்பில் போட்டு அதன் பட்டனை அழுத்தவேண்டும். அலமாரியைத் திறந்து எது எவ்வளவு என்று அரை நிமிடத்தில் பார்க்க ஹப் இருந்தால்தான் முடியும். தனியாக வாங்கச் சொல்வதற்கு இதுவே என் இரண்டாவது காரணம்.

ஹப் செய்யாதது எது என்றால், 60 சதவீதத்தில் தானே நிற்கும் வசதி அதில் கிடையாது. எஃப்பிவி, அதாவது கண்ணில் மாட்டிய திரையைப் பார்த்து ஓட்டும் ட்ரோன், அதை ஓட்டுபவர்கள் வைத்திருக்கும் பேலன்ஸ் சார்ஜரில் (செல்களைச் சமமாக ஏற்றும் சார்ஜர்) ஸ்டோரேஜ் என்று ஒரு தேர்வு இருக்கும், அதை அழுத்தினால் செல்லுக்கு 3.8 வோல்ட் பக்கம் ஏற்றியோ இறக்கியோ கொண்டுவந்து நிறுத்திவிடும். எஃப்பிவி பேட்டரியில் தானாக இறங்கும் சர்க்யூட் இல்லாததால் அவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. நமக்கு அப்படி இல்லை என்பதால் கடிகாரத்தைத்தான் நம்பவேண்டும். ஷூட்டிங் முடிந்து 20 சதவீதத்தில் வந்த பேட்டரியை வீட்டில் அரை மணி நேரத்துக்கும் குறைவாக ஏற்றி எடுத்தால் பாதியைத் தாண்டியிருக்கும், அது போதும். 10 நாளுக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் 40க்கும் 65க்கும் நடுவில் வையுங்கள் என்று டிஜேஐயே பாதுகாப்புக் குறிப்பில் சொல்கிறது, துல்லியமாக 60 வேண்டும் என்று யாரும் அளந்துகொண்டு நிற்க வேண்டாம். ஆனால் 20ல் வந்ததை அப்படியே மாதக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். அடிமட்டத்துக்குப் போன பேட்டரி உறக்க நிலைக்குப் போய்விடும், சார்ஜில் போட்டால்தான் விழிக்கும், சில நேரம் விழிக்கவே விழிக்காது. ஆடி முழுக்க மறந்துவிட்டு ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு எடுப்பவர்களுக்கு நேர்வது இதுதான்.

முறை வைத்து மாற்றுவதற்குப் பெரிய செயலி எல்லாம் வேண்டாம். பேட்டரி ஒவ்வொன்றிலும் காகித டேப் ஒட்டி அ, ஆ, இ என்று எழுதுங்கள், பக்கத்தில் கடைசியாக முழுக்க நிரப்பிய தேதி. இந்த முறை அ முதலில் பறந்தால் அடுத்த முறை ஆ முதலில். சின்ன வேலை, ஒரு பேட்டரியில் முடிந்துவிடும் என்று தெரிந்தால் ஒன்றை மட்டும் முழுக்க ஏற்றுங்கள், மற்ற இரண்டும் பாதியிலேயே கூட வரட்டும், பாதி என்றாலும் கால் மணி நேரம் பறக்கும் (பெட்டியில் 38 நிமிடம் என்று போட்டிருப்பது காற்றில்லாத இடத்துக் கணக்கு, பிள்ளையார்பட்டிப் பொட்டல் காற்றுக்கு அது செல்லாது). முழுக்க ஏற்றுவதைக் கூடிய மட்டும் முதல் நாள் ராத்திரியிலிருந்து அன்று விடிகாலைக்குத் தள்ளுங்கள், முகூர்த்தத்துக்கு எப்படியும் நான்கு மணிக்கு எழுந்துவிடுகிறோம். டிஜேஐ ஃப்ளை செயலியில் பேட்டரித் தகவல் பக்கத்தில் எத்தனை முறை சார்ஜ் சுற்று முடிந்தது என்று எண் வரும், மூன்றையும் ஒப்பிட்டால் எதை அதிகம் வேலை வாங்குகிறோம் என்று தெரியும். அந்த எண்கள் சமமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒரே பேட்டரியில் பறக்கும் ட்ரோன்தானே. இன்ஸ்பயர் 2 போல இரண்டு பேட்டரியை ஜோடியாகப் போடும் ட்ரோன் என்றால்தான் ஜோடி பிரிக்காமல் காப்பாற்றவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை முழுக்க ஏற்றி முழுக்க இறக்கச் சொல்கிறார்கள், தை முதல் ஆவணி வரை ஓடும் தொழிலில் அது தானாகவே நடந்துவிடும்.

அடுத்தது சூடு. இந்தப் பேட்டரியை 5 முதல் 40 டிகிரிக்குள்தான் ஏற்றலாம். சித்திரை மாதம் பத்து மணிக்கு இறங்கிய பேட்டரி கையில் பிடிக்கமுடியாத சூட்டில் இருக்கும், அதை உடனே ஹப்பில் செருகினால் அது ஏற்றாமல் சும்மா நிற்கும், ஹப் பழுது என்று சிலர் திருப்பி அனுப்பியே விட்டார்கள். ஆறட்டும். ஆறுவதற்கு இந்த ஊர் வீட்டைவிட நல்ல இடம் கிடையாது. கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் வளவு முற்றத்து ஓரமாகப் பேட்டரிகளைப் பரப்பி வைத்திருந்தபோது அந்த வீட்டு ஆச்சி, “முத்தத்துல வைக்காதீங்க தம்பி, வெயில் சுத்தி வந்துரும், இரண்டாங்கட்டுல தரையில வைங்க, மத்தியானமும் சில்லுன்னுதான் கெடக்கும்” என்றார். பேட்டரி பற்றி ஒரு எழுத்துப் படிக்காமலே சரியாகச் சொன்னார். தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, ஆத்தங்குடிக் கல் தரை. சாதாரணக் கான்கிரீட் வீட்டில் மேல்மாடி அறைப் பரண்தான் ஆக மோசமான இடம், கீழ்த்தளத்தில் வெயில் படாத சுவரோரம் பரவாயில்லை. காருக்குள் மட்டும் வேண்டாம், குன்றக்குடி அடிவாரத்தில் வெயிலில் நிறுத்திவிட்டு மேலே போய்வருவதற்குள் உள்ளே 60 டிகிரி தாண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்றால், வேதியியல் ஒத்துக்கொள்ளும், ஈரம் ஒத்துக்கொள்ளாது. வெளியே எடுத்ததும் நீர் பூக்கும், முனைகளில் இறங்கும். உள்வீட்டுத் தரை இருக்கும்போது அந்த வம்பு எதற்கு.

சரி, பை. கண்ணாடியிழைத் துணியில் தைத்து, வெல்க்ரோ மூடி வைத்து, சில நூறு ரூபாய்க்கு வருகிறது. வெடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று விற்பவர்கள் சொல்வது மிகை. பேட்டரி தீப்பிடித்தால் தீ பக்கத்துப் பொருளுக்குத் தாவுவதை அது தாமதப்படுத்தும், புகையை நிறுத்தாது, வெல்க்ரோ விளிம்பு வழியே நாக்கு நீளவும் செய்யும். அலமாரியில் துணிமணிக்கு நடுவே போடுவதைவிட மேல், அவ்வளவுதான். நான் வாங்கியதில் ஓரத் தையல் முதல் பருவத்திலேயே பிரிந்து இழை கையில் குத்த ஆரம்பித்தது, அந்த இழை அரிப்பு லேசில் போகாது. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பழைய தகரப் பெட்டி இதைவிட உருப்படி, உள்ளே ஓடு ஒன்றைப் போட்டு அதன்மேல் பேட்டரிகளை இடைவெளி விட்டு வைக்கலாம். ஒரு நிபந்தனை, மூடி இறுக்கமாக இருக்கக் கூடாது, பூட்டவும் கூடாது. உள்ளே வாயு சேர்ந்தால் வெளியேற வழி வேண்டும், இல்லையென்றால் அது பெட்டி இல்லை, வெடி. தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றலாம், நிறைய ஊற்றவேண்டும், செல்லைக் குளிரவைப்பதுதான் முக்கியம். லித்தியம் என்றாலே தண்ணீர் ஆகாது என்பது உலோக லித்தியத்துக்குச் சொன்னது.

மலிவு மாற்றுப் பேட்டரி பற்றியும் ஒரு வார்த்தை. என்னோடு வரும் தம்பி இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் ‘மினி 3க்குப் பொருந்தும்’ என்று பாதி விலைக்கு ஒன்று வாங்கினான். மேலே போட்டிருந்த எம்ஏஎச் ஒரிஜினலைவிட அதிகம், பறந்த நேரமோ குறைவு. தானாக இறங்கும் பழக்கமே அதற்கு இல்லை, நிரப்பி வைத்தால் எத்தனை நாள் ஆனாலும் நிரம்பியே இருந்தது, அவன் அதையும் நல்ல குணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தான். கோடை முடிவதற்குள் இடுப்பு உப்பி ட்ரோனிலிருந்து உருவ வரவில்லை. விற்றவர் போனை எடுக்கவில்லை. உப்பிய பேட்டரியை அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்று எடுப்பது, பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவது எதுவும் வேண்டாம். மின்கழிவு எடுக்கும் இடத்தில்தான் கொடுக்கவேண்டும். அதுவரை வெளியே, நிழலில், எரியும் பொருள் இல்லாத இடத்தில் கிடக்கட்டும்.

பெரிய பேட்டரியான பிளஸ் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். 3850 எம்ஏஎச், நேரம் கூடும், உண்மைதான். ஆனால் அதைப் போட்டதும் ட்ரோனின் எடை 250 கிராமைத் தாண்டும், 2021 ட்ரோன் விதிகளின்படி நானோ வகையிலிருந்து மைக்ரோ வகைக்குப் போய்விடும், தொழிலுக்குப் பறக்கவிடுபவர்களுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவைப்படும். அது இருப்பவர்கள் வாங்குங்கள், இதே ஹப்பில் உட்காரும், நிரம்பச் சுமார் 78 நிமிடம் ஆகும்.

ஹப் வாங்கும் முன் மாடலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மினி 3, மினி 3 ப்ரோ, மினி 4 ப்ரோ மூன்றுக்கும் இது ஒன்றே. மினி 2, மினி 2 எஸ்இ வைத்திருப்பவர்களுக்கு வேறு ஹப், இதில் அந்தப் பேட்டரி உட்காராது. ட்ரோனோடு கூடுதல் பேட்டரியும் சேர்ந்து வரும் ஃப்ளை மோர் காம்போ வாங்கியிருந்தால் ஹப் பெட்டிக்குள்ளேயே இருக்கும், தனியாக வாங்கவேண்டாம். ஹப்புக்கு என் கணக்கில் ஐந்துக்கு நான்கு. 60ல் நிறுத்தும் ஒரு பட்டன் இருந்திருந்தால் அந்த ஒன்றையும் கொடுத்திருப்பேன்.